மதுரைத் திட்டக் கல்யாணசுந்தரம் ஆய்வுகூடத்தில் என்ன செய்தார்?

உயர்தரம் படிக்கும் ஒரு தங்கச்சி இப்படிக் கேட்டிருக்கிறார்: “மதுரைத் திட்டத்தில் இருந்து பழைய நூல்களை இறக்கிப் படிக்கிறேன். அதை ஆரம்பித்த கல்யாணசுந்தரம் ஓர் இரசாயனவியலாளர் என்று எங்கள் சேர் சொன்னார். சூரிய ஒளியால் நடக்கும் தாக்கங்களில் ஆராய்ச்சி செய்தவராம். அது என்ன ஆராய்ச்சி? எங்கள் வீட்டுக் கூரையிலேயே சோலார் தகடு இருக்கிறது. பிறகேன் இதற்குள் இரசாயனம்?”

நான் யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படிப்பிக்கிறவன். மேற்படிப்பு ஒளியிரசாயனத்தில் என்பதால் இந்தக் கேள்வியைக் கண்டதும் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி.

முதலில் ஆளைப் பற்றி. கு. கல்யாணசுந்தரம் என்ற பெயரை மதுரைத் திட்ட மின்னூல்களின் தொடக்கத்தில் ‘லோசான், சுவிற்சர்லாந்து’ என்ற ஊர்ப் பெயரோடு கண்டிருப்பீர்கள். பழைய தமிழ் நூல்களை மின்னூலாக்கி இலவசமாகத் தரும் இந்தத் திட்டம் 1998 பொங்கலோடு தொடங்கியது. கணினியில் தமிழ் தட்டுவதே பெரும்பாடாக இருந்த காலத்தில் மயிலை எழுத்துருவைச் செய்து கொடுத்தவரும் அவர்தான். பொதுநூலகம் எரிந்த ஊர்க்காரருக்கு இந்த வேலையின் அருமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அது சம்பளமில்லாமல் செய்த தொண்டு. அவருடைய தொழில் லோசானில் உள்ள தொழில்நுட்ப நிறுவகத்தில், மைக்கேல் கிரெட்செல் என்பவரின் குழுவில் செய்த ஆராய்ச்சி. அவரைத் தமிழ்ப் பேராசிரியர் என்றே நினைத்துக்கொண்டிருக்கும் ஆட்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

லோசானுக்குப் போவதற்கு முன்னரே அவர் பெயர் இரசாயனவியலில் நிலைத்துவிட்டது. ஜே. கே. தோமஸ் என்பவருடன் சேர்ந்து 1977 இல் ஒரு கட்டுரை எழுதினார். பைரீன் என்ற மூலக்கூறு ஒளிரும்போது அதன் நிறமாலையில் பல உச்சங்கள் தெரியும். முதலாவது உச்சத்துக்கும் மூன்றாவதுக்கும் உள்ள விகிதம், பைரீன் தண்ணீருக்குள் இருக்கிறதா எண்ணெய்த்தன்மையான இடத்துக்குள் இருக்கிறதா என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும். சவர்க்கார மூலக்கூறுகள் எந்தச் செறிவில் கூட்டம் கூடுகின்றன என்று அறிய இன்றும் உலகெங்கும் அந்த முறையைத்தான் பாவிக்கிறார்கள். அடுத்த ஆண்டே ஜோர்ச் போர்ட்டருடன் சேர்ந்து குளோரோபில்லை வைத்து ஒரு ஆய்வு. போர்ட்டர் யாரென்றால், ஒரு கணத்துக்கு மட்டும் மின்னும் ஒளியால் அதிவேகத் தாக்கங்களைப் பிடித்துப் பார்க்கும் முறைக்காக 1967 இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

சித்திரை மாத வெயிலில் கிணற்றடித் தொட்டித் தண்ணீர் நாள் முழுக்கக் கிடந்து காய்கிறது. அது ஏன் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் உடைவதில்லை? சக்தி போதாது என்று சொல்ல முடியாது. தண்ணீரை உடைக்க இலத்திரன் ஒன்றுக்கு 1.23 வோல்ற்று போதும். சிவப்பு ஒளியின் ஒரு போட்டனிலேயே அதைவிடக் கூடிய சக்தி இருக்கிறது. தண்ணீர் அந்த ஒளியை எடுப்பதில்லை, அதுதான் காரணம். கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதையும் அது அப்படியே ஊடே போக விட்டுவிடுகிறது. ஆகவே நடுவில் ஒருவர் வேண்டும்: ஒளியை எடுத்து, அதன் சக்தியைத் தண்ணீரிடம் சேர்ப்பிக்கிற ஒரு சாயம். ஒளியால் சக்தி செய்யும் இரசாயனம் முழுவதும் இந்த இடையாளைத் தேடுவதில்தான் தொடங்குகிறது.

எண்ணம் பழையது. இத்தாலியின் பொலோனியாவைச் சேர்ந்த சாமிச்சான் என்ற இரசாயனவியலாளர் 1912 இலேயே, நிலக்கரிப் புகை இல்லாமல் வெயிலையும் கண்ணாடிக் குழாய்களையும் கொண்டு தொழிற்சாலை நடத்தலாம் என்று நியூயோர்க்கில் பேசியிருக்கிறார். ஆனால் காசு வந்தது எண்ணெய் விலை ஏறிய பிறகுதான். 1972 இல் யப்பானியர்களான புஜிஷிமாவும் ஹொண்டாவும், தண்ணீருக்குள் வைத்த தைத்தேனியம் ஈரொட்சைட்டு மின்வாயில் ஒளி பட்டதும் தண்ணீர் பிளவுபடுகிறது என்று காட்டினார்கள். மறு ஆண்டு அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்த, விலை சுமார் 4 மடங்கானது. மேற்கு நாடுகளின் ஆய்வுகூடங்களெல்லாம் சூரியனைப் பார்த்துத் திரும்பின. ஒரு குறை மட்டும் இருந்தது. தைத்தேனியம் ஈரொட்சைட்டு வெள்ளை நிறம், சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ற்றில் இருப்பதும் அதுதான். வெள்ளை என்றாலே கண்ணுக்குத் தெரியும் ஒளியை எடுக்கவில்லை என்று அர்த்தம். அது எடுப்பது புறஊதாக் கதிரை மட்டும், அது சூரிய ஒளியில் ஏறக்குறைய 5 சதவீதம்.

கல்யாணசுந்தரம் லோசானில் கையில் எடுத்த இடையாள், உருத்தேனியம் என்ற உலோகத்தின் அயனைச் சுற்றி மூன்று பைபிரிடீன் மூலக்கூறுகள் பிடித்துக்கொண்ட ஒரு சிக்கலயன். மேற்படிப்புக் காலத்தில் இதை நான் கையாண்டிருக்கிறேன். எத்தனை விளக்கப்படம் பார்த்தாலும் அந்தக் குடுவையைப் பார்ப்பது போல வராது, ஆகவே அதை விவரித்தே சொல்கிறேன்.

தண்ணீரில் துளியளவு கரைத்தாலே கரைசல் தோடம்பழ நிறமாகிவிடும். இருட்டறையில் நீல ஒளியை அதன்மேல் பிடித்தால் உள்ளிருந்து செம்மஞ்சளாக ஒளிரும். 450 நனோமீற்றருக்குக் கிட்டிய நீல ஒளியை எடுத்ததும் உருத்தேனியத்தில் இருந்த ஓர் இலத்திரன் பைபிரிடீனுக்குத் தாவுகிறது. அங்கே ஏறத்தாழ 0.6 மைக்ரோ செக்கன் தங்கி, திரும்பி வீட்டுக்கே வரும்போது வெளிவிடுவதுதான் அந்தச் செம்மஞ்சள் ஒளி. ஒரு செக்கனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஆனால் மூலக்கூறுகளின் உலகத்தில் அது தாராளமான நேரம். அதற்குள் இன்னொரு மூலக்கூறு வந்து மோதலாம், இலத்திரனை வாங்கிக்கொண்டு போகலாம்.

அந்த வாங்குகிற மூலக்கூறாக மீதைல் வயலஜன் என்ற உப்பைக் கரைசலில் சேர்ப்பார்கள். சேர்த்ததும் ஒளிர்வு அணைந்துவிடும். இலத்திரன் கைமாறிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. இலத்திரன் வாங்கிய மீதைல் வயலஜன் கடும் நீலமாக இருக்க வேண்டும். ஆனால் எவ்வளவு நேரம் ஒளி பிடித்தாலும் குடுவையில் நீலம் தெரியாது! கொடுத்தவரும் வாங்கியவரும் அதே கரைசலுக்குள் சுற்றிக்கொண்டிருப்பதால், மறுபடி சந்தித்து இலத்திரனைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். எல்லாம் பழையபடி, மிச்சம் கொஞ்சம் சூடு மட்டும். கப்பியில் வாளியை மேலே இழுத்துவிட்டுத் தொட்டியில் ஊற்றாமல் கயிற்றை விட்டால் என்ன நடக்குமோ அதுதான் இங்கேயும். உங்கள் கேள்விக்கு ஒரே வரியில் விடை கேட்டால் இதைத்தான் சொல்வேன்: ஒளியைப் பிடிப்பது பெரிய வேலை இல்லை, அது தூக்கிவிட்ட இலத்திரன் திரும்பி விழாமல் பார்ப்பதுதான் பாடு. கல்யாணசுந்தரமும் கிரெட்செலும் பத்தாண்டுக் கணக்காகச் செய்த வேலையை இந்த ஒரு தலைப்பின் கீழ் அடக்கிவிடலாம்.

குடுவைக்குத் திரும்புவோம். நீங்கள் கடின நீரில் கல்சியம் அளக்கப் பாவிக்கும் அதே ஈ.டீ.ரீ.ஏ.யை இப்போது கொஞ்சம் சேருங்கள். காற்றை வெளியேற்றி மூடிவிட்டு ஒளியைப் பிடியுங்கள். இலத்திரனை இழந்து நிற்கும் உருத்தேனியத்துக்கு ஈ.டீ.ரீ.ஏ. தன் இலத்திரனைக் கொடுத்துவிடும். கொடுத்த கையோடு தானும் சிதைந்துவிடுவதால் திருப்பிக் கேட்க ஆளில்லை. இப்போது நீலம் வரும். ஒளி படும் பக்கத்துக் கண்ணாடியை ஒட்டி முதலில் ஒரு நீலக் கீற்று, பிறகு கலக்கக் கலக்கக் குடுவை முழுக்க. மூடியைத் திறந்தால் காற்றில் உள்ள ஒட்சிசன் இறங்கி, மேலிருந்து கீழாக நீலத்தை அழித்துக்கொண்டே வரும். ஆனால் மூடியைத் திறக்காமல், மிக நுண்ணிய பிளாற்றினத் துணிக்கைகள் அந்தக் கரைசலில் இருந்தால், நீலம் தங்காமல் இலத்திரன்கள் பிளாற்றினத்தில் சேர்ந்து, இரண்டு இரண்டாகப் புரோத்தன்களோடு கூடி ஐதரசன் குமிழியாக வெளியேறும். கண்ணுக்குத் தெரியும் ஒளியால் தண்ணீர்க் கரைசலில் இருந்து ஐதரசன்! கல்யாணசுந்தரமும் கிவி என்பவரும் கிரெட்செலும் 1978 இல் வெளியிட்டது இந்தத் தொகுதியைத்தான். அதற்கு முந்திய ஆண்டு பிரான்சின் ஸ்திராஸ்பூர்க்கில் லேனும் சோவாழும் இதே வகையான இன்னொன்றைச் செய்திருந்தார்கள். இருவருமே பிற்காலத்தில் வேறு வேலைகளுக்காக நோபெல் பரிசு வாங்கினார்கள்.

மீதைல் வயலஜன் என்றால் ஏதோ ஆய்வுகூடத்துச் சரக்கு என்று நினைக்காதீர்கள். உங்கள் அப்பாவுக்கோ மாமாவுக்கோ தோட்டம் இருந்திருந்தால் அவர்கள் அதைப் பம்பில் அடித்தே இருப்பார்கள். பரகுவாட் என்ற களைகொல்லியின் அயன் அதுவேதான், கடையில் கிரமொக்சோன் என்று விற்றது. வெயிலுள்ள நாளில் அடித்தால்தான் புல் சடுதியாகக் கருகும் என்று தோட்டக்காரர் சொல்வதற்குக் காரணமும் இந்தக் குடுவைக்குள்ளேயே இருக்கிறது. இலைக்குள் ஒளி தூக்கிவிட்ட இலத்திரனை அது இடைமறித்து வாங்கி ஒட்சிசனிடம் கொடுக்கிறது. அதில் பிறக்கும் கொடிய ஒட்சிசன் வடிவங்கள் கலங்களைச் சிதைத்துவிடுகின்றன. மனிதரின் உயிரையும் பெருமளவில் வாங்கியதால் 2008 முதல் 2011 வரை படிப்படியாக இலங்கையில் அதை விலக்கினார்கள். தோட்டத்தில் புல்லை எரித்ததும் லோசானில் ஐதரசன் கொடுத்ததும் ஒரே இலத்திரன் திருட்டுத்தான்.

இனி அந்த 1978 தொகுதியின் குறை. உயர்தர மாணவிக்கு அது உடனே பிடிபட வேண்டும்: ஈ.டீ.ரீ.ஏ. தீர்ந்துகொண்டே போகிறது. விலையுள்ள ஒரு பொருளை எரித்து ஐதரசன் எடுப்பது சக்தி உற்பத்தி ஆகாது. இலத்திரனைத் தண்ணீரே கொடுத்து, ஒட்சிசனாக வெளியேற வேண்டும். மின்வாய் அழுத்தங்களைப் பார்த்தால் கணக்குச் சரியாகவே வருகிறது. இலத்திரன் இழந்த உருத்தேனியம் +1.26 வோல்ற்றில் நிற்கிறது. நடுநிலைத் தண்ணீரில் இருந்து ஒட்சிசன் எடுக்க +0.82 போதும். ஒளி பட்ட நிலையில் அதே சிக்கலயன் −0.84 வரை இறங்குகிறது. ஐதரசனுக்கு −0.41 போதும். இரு பக்கமும் இடம் தாராளம். அப்படியிருந்தும் நடப்பதில்லை. ஏனென்றால் நியம மின்வாய் அழுத்தம் ஒரு தாக்கம் நடக்கலாமா என்று சொல்லும், எவ்வளவு வேகமாக நடக்கும் என்று சொல்லாது. ஒரு போட்டன் ஓர் இலத்திரனைத்தான் தூக்கும். ஒரு ஒட்சிசன் மூலக்கூறுக்கோ நான்கு இலத்திரன்களைப் பிடுங்க வேண்டும். முதலாவதைப் பிடுங்கிவிட்டு மற்ற மூன்றுக்கும் காத்திருக்கும் நேரத்தில் எல்லாம் திரும்பி விழுந்துவிடுகிறது. 1979 இல் கல்யாணசுந்தரமும் கிரெட்செலும் பிளாற்றினத்தோடு உருத்தேனியம் ஒட்சைட்டையும் ஊக்கியாகச் சேர்த்து, ஐதரசனையும் ஒட்சிசனையும் ஒரே சுற்றில் எடுக்கும் ஏற்பாட்டை வெளியிட்டார்கள். ஆனால் ஒரே குடுவையில் இரண்டு வாயுக்களும் பிறந்தால், மூடியைத் திறந்தபோது நீலத்தை அழித்த அதே ஒட்சிசன் இப்போது உள்ளிருந்தே அழிக்கும். கூடவே, ஐதரசனும் ஒட்சிசனும் கலந்து நிற்பது வெடிக்கிற சரக்கு.

இலை இதை எப்படிச் சமாளிக்கிறது? ஒளி பட்ட இடத்தில் இலத்திரனை வைத்திருப்பதே இல்லை. சில பிக்கோ செக்கனில் (ஒரு பிக்கோ செக்கன் என்பது செக்கனில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) பக்கத்து மூலக்கூறுக்கு, அங்கிருந்து சில நூறு பிக்கோ செக்கனில் அடுத்ததற்கு என்று கைமாற்றிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் சக்தி இழப்புத்தான், ஆனால் தூரம் கூடக் கூடத் திரும்பி வருவது கடினமாகிறது. மறுபக்கத்தில் நான்கு மங்கனீசும் ஒரு கல்சியமும் ஐந்து ஒட்சிசனும் கொண்ட ஒரு சின்னக் கொத்து, நான்கு இலத்திரன்களையும் ஒவ்வொன்றாக இழந்து பொறுமையாகச் சேர்த்துவைத்துத் தண்ணீரை உடைக்கிறது. அந்தக் கொத்தின் அமைப்பை அணு அணுவாகக் காட்டியது 2011 இல் வந்த யப்பானிய ஆய்வு. இன்னொரு சங்கதி பலர் கவனிப்பதில்லை. கடும் வெயிலில் அந்த இடத்துப் புரதம் அடிக்கடி பழுதாகிறது, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கூட மாற்ற வேண்டி வரும். இலை அதைக் கழற்றிப் புதிதாகச் செய்து பூட்டிக்கொண்டே இருக்கிறது. நாம் செய்யும் சாயத்துக்கு அந்தத் திருத்தவேலை தெரியாது. பழுதானால் பழுதுதான். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் ஊக்கியைவிடப் பெரிய சிக்கல் இதுதான்.

லோசான் குழு பிறகு என்ன செய்தது? ஐதரசனைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, பிரித்த இலத்திரனை நேரடியாக மின்சாரமாக எடுக்கப் பார்த்தது. உருத்தேனியச் சாயத்தைத் தண்ணீரில் மிதக்கவிடாமல் தைத்தேனியம் ஈரொட்சைட்டின் மேல் ஒட்டினார்கள். வழுவழுப்பான பரப்பில் ஒரு மூலக்கூறுத் தடிப்பில் சாயம் ஒட்டினால் அது எடுக்கும் ஒளி 1 சதவீதம் கூட வராது. கிரெட்செலும் ஓரேகன் என்பவரும் நனோமீற்றர் அளவுத் துணிக்கைகளைச் சுட்டு, கடற்பஞ்சு போலத் துளைகள் நிறைந்த படலமாக்கினார்கள். மேற்பரப்பு ஏறத்தாழ ஆயிரம் மடங்காகிவிட்டது. 1991 இல் வெளிவந்த அந்தக் கலம் சூரிய ஒளியில் 7 சதவீதத்தை மின்சாரமாக்கியது. சாயத்தில் இருந்து ஒட்சைட்டுக்கு இலத்திரன் தாவ ஒரு பிக்கோ செக்கன் கூட ஆவதில்லை. திரும்பி வர அதைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும், அதற்குள் கரைசலில் உள்ள அயடைட்டு சாயத்துக்குப் புது இலத்திரன் கொடுத்துவிடும். திரும்பி விழும் வழி மூடப்படவில்லை, தாமதப்படுத்தப்பட்டது, அவ்வளவுதான். கல்யாணசுந்தரம் 2010 இல் பதிப்பித்த நூல் இவ்வகைக் கலங்களைப் பற்றியதுதான்.

இதில் நம் நாட்டுப் பங்கும் உண்டு. அந்த அயடைட்டுக் கரைசல் கசியும், காயும், நம் வெப்பத்தில் சொல்லவே வேண்டாம். கண்டி அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் கீர்த்தி தென்னக்கோனின் குழு 1995 இல் கரைசலை எடுத்துவிட்டு, திண்மமான செப்பு அயடைட்டை வைத்துக் கலம் செய்து காட்டியது. உலகம் முழுக்க இன்றும் எடுத்துக்காட்டும் வேலை அது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறைப் பேராசிரியர் பு. ரவிராஜன், உலோக ஒட்சைட்டையும் மின் கடத்தும் பல்பகுதியத்தையும் (பொலிமர்) சேர்த்த கலங்களில் ஆய்வு செய்தவர். 2006 இல் நாக (சிங்க்) ஒட்சைட்டு நனோக் கோல்களை வைத்து அவர் எழுதிய ஒரு கட்டுரையில் கிரெட்செலும் இணை ஆசிரியர். ஆகவே லோசான் நீங்கள் நினைப்பது போல அவ்வளவு தூரத்தில் இல்லை.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி, கூரைத் தகடு. ஒளிவுமறைவில்லாமல் கணக்குப் போடுவோம். நம் ஊரில் ஒரு சதுர மீற்றரில் ஒரு நாளைக்குச் சுமார் 5 கிலோவாற்று மணி வெயில் விழுகிறது என்று எடுங்கள். 20 சதவீதத் திறனுள்ள சிலிக்கன் தகடு 10 சதுர மீற்றர் போட்டால் நாளுக்கு 10 அலகு மின்சாரம். அதே இடத்தில், ஊக்கி பூசிய தகட்டில் தண்ணீரை ஓடவிட்டு ஒளியால் பிளக்கும் முறையை வைத்தால்? யப்பானில் டோமென் என்ற ஆய்வாளரின் குழு 100 சதுர மீற்றரில் அப்படி ஒன்றை வெளியில் வைத்து மாதக் கணக்கில் ஓட்டி, 2021 இல் முடிவை வெளியிட்டது. கிடைத்த உச்சத் திறன் 0.76 சதவீதம். உங்கள் 10 சதுர மீற்றருக்கு அது நாளொன்றுக்குச் சுமார் 12 கிராம் ஐதரசன். அதில் உள்ள சக்தி, அரைக் கோப்பை பெற்றோலுக்குக் கூட வராது. இன்றைய நிலையில் ஐதரசன் வேண்டுமென்றால் சிலிக்கன் தகட்டையும், மின்சாரத்தால் தண்ணீரைப் பிளக்கும் மின்பகுப்புக் கலத்தையும் வயரால் இணைப்பதே சரி. இரண்டு இழப்புகளையும் கழித்தாலும் 14 சதவீதம் அளவில் நிற்கும். இதற்கு மாறாகச் ‘செயற்கை இலை வந்துவிட்டது’ என்று வரும் செய்திகளைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படியுங்கள்.

அப்படியென்றால் இரசாயனம் எதற்கு? 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையை நினைத்துப் பாருங்கள். தொழிற்சாலை, கந்தோர் எல்லாம் பூட்டு, மின்தேவை குறைவு, வெயிலோ உச்சம். கூரைச் சூரிய மின்சாரத்தைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை மக்களைக் கேட்டது. அதற்கு மூன்று வருடத்துக்கு முன் 2022 பங்குனியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டில் இருந்த அதே நாடு! மின்சாரத்தை உண்டாக்குவது ஒரு பிரச்சினை, வைத்திருப்பது இன்னொன்று. பகலில் எடுத்து இரவில் செலவழிக்க மின்கலம் போதும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு இந்திய உதவியில் 2024 இல் ஒப்பந்தமான காற்று–சூரியக் கலப்புத் திட்டத்தின் போக்கும் அதுவே, டீசல் இயந்திரத்தை நம்பியிருப்பதைக் குறைப்பது. ஆனால் யூரியாவை மின்கலத்தில் இருந்து எடுக்க முடியாது. யூரியாவுக்கு அமோனியா வேண்டும், அமோனியாவுக்கு ஐதரசன் வேண்டும், அந்த ஐதரசன் இன்று பெரும்பாலும் இயற்கை வாயுவில் இருந்தும் நிலக்கரியில் இருந்தும் வருகிறது. 2021 இல் பசளை இறக்குமதி நின்றபோது நம் வெங்காயத் தோட்டங்கள் பட்ட பாடு தெரியுமல்லவா? கப்பலுக்கும் விமானத்துக்கும் உருக்குக்கும் இதே கதை. வெயிலை ஒரு பொருளாக மாற்றி வைக்கும் வேலை இரசாயனத்தைத் தவிர வேறு எவருக்கும் இல்லை. அது வயர் வழியாக நடக்குமா, குடுவைக்குள் நேரடியாக நடக்குமா என்பதுதான் வழக்கு. வயர் இன்று முன்னால் நிற்கிறது. குடுவை மலிவாகவும் நீடித்தும் வந்தால், அதுவும் 5 சதவீதத்தை எட்டினால், வழக்குத் திரும்பலாம்.

அந்தத் தோடம்பழ நிறக் கரைசலுக்கு இன்னொரு வாழ்வும் கிடைத்தது, யாரும் எதிர்பாராத பக்கத்தில் இருந்து. 1982 இல் கல்யாணசுந்தரம் அந்த உருத்தேனியச் சிக்கலயனின் ஒளியியல்பு, தாக்கங்கள், சூரிய சக்திப் பயன்பாடு எல்லாவற்றையும் தொகுத்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். எண்ணெய் விலை இறங்கியதும் சூரிய ஐதரசனில் இருந்த உற்சாகமும் இறங்கியது. 2008 இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து மக்மில்லனும் வேறு சிலரும் அதே சிக்கலயனை எடுத்து, சேதன மூலக்கூறுகளைக் கட்டுவதற்கு ஊக்கியாக்கினார்கள். இங்கே ஒளியின் சக்தியைச் சேமிக்கத் தேவையில்லை, ஒரு பிணைப்பை உண்டாக்கினால் போதும். திரும்பி விழுவதற்குள் தாக்கம் முடிந்துவிடும். இன்று மருந்துக் கம்பனிகளின் ஆய்வுகூடங்களில் நீல எல்.ஈ.டி. விளக்குகளுக்கு நடுவில் குடுவைகள் நிற்பது அதனால்தான். சக்திக்காகச் செய்த ஆராய்ச்சி மருந்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆராய்ச்சிக்குக் காசு ஒதுக்குகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை என்பது என் மனத்தாங்கல்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் அடுத்ததாகக் கேட்பீர்கள்: இதைப் பள்ளிக்கூடத்தில் செய்து பார்க்கலாமா? உருத்தேனியம் வேண்டாம், விலை கட்டாது. மீதைல் வயலஜனைத் தொடவே வேண்டாம். 1991 கலத்தின் எளிய வடிவத்தைச் செய்யலாம். மின் கடத்தும் பூச்சுள்ள கண்ணாடித் துண்டு இரண்டு தேவை, அதைத்தான் பல்கலைக்கழக ஆய்வுகூடம் எதிலாவது கேட்டு வாங்க வேண்டும். தைத்தேனியம் ஈரொட்சைட்டுத் தூளை ஐதான வினாகிரியில் குழைத்து ஒரு துண்டில் மெல்லிதாகப் பூசி, 450 பாகை செல்சியசு அளவில் அரை மணித்தியாலம் சுடுங்கள். ஆறியதும், வேலியோரத்துச் செவ்வரத்தம் பூவிதழ்களைக் கசக்கிப் பிழிந்த சாற்றில் ஊறவிடுங்கள். சாற்றில் உள்ள அந்தோசயனின் என்ற நிறப்பொருள் தைத்தேனியத்தைப் பற்றிக்கொள்வதால் வெள்ளைப் படலம் ஊதாவாகும், கழுவினாலும் போகாது. நாவற்பழக் காலமாக இருந்தால் அந்தச் சாறும் சரிவரும். மற்றத் துண்டில் பென்சில் கரியைத் தேய்த்து, இரண்டையும் முகத்துக்கு முகம் வைத்துக் கவ்வி, இடையில் அயடீன்–பொற்றாசியம் அயடைட்டுக் கரைசலை ஒரு துளி விட்டால் கலம் தயார். அயடீனைத் தண்ணீரில் கரைக்காமல் எதிலீன் கிளைக்கோலில் கரைத்தால் கொஞ்ச நேரம் கூடத் தாங்கும்.

வெயிலில் பிடித்து மல்ரிமீற்றரை வைத்தால் அரை வோல்ற்றுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். ஓட்டம் மில்லி அம்பியரில் வரும், அதுவும் கொஞ்சமாக. கையால் மறைத்ததும் வாசிப்பு விழ வேண்டும். விழாவிட்டால் நீங்கள் பார்ப்பது ஒளியின் வேலை அல்ல, கலத்துக்குள் வேறு ஏதோ மின்னிரசாயனத் தாக்கம் நடக்கிறது, கண்ணாடியின் பூச்சுள்ள பக்கம் உள்ளே பார்க்கிறதா என்று சரிபாருங்கள். பிறகு அதையே ஒரு மணித்தியாலம் வெயிலில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வாசிப்பை எழுதி வரைபு கீறுங்கள். வாசிப்பு ஏன் இறங்குகிறது, சாயம் வெளிறியதாலா கரைசல் காய்ந்ததாலா என்று பிரித்தறிய ஒரு வழி கண்டுபிடித்தீர்களானால் எனக்கு எழுதுங்கள்.